ஹார்ன் அடிக்காத வண்டியும் கஃபயாத்தே கல்யாணமும்

மைப்பூ, மெந்தோசா மாகாணம்
திராட்சை அறுவடை தொடங்கிய வாரம்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் டான் இலாரியோ அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் தங்கை நெலிதாவின் கணவனும் தங்கள் நலத்தை என்றும் நாடுபவனுமாகிய எவரிஸ்தோ வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. என் முழங்காலையும் நெலிதாவின் கோபத்தையும் தவிர்த்துப் பார்த்தால் இங்கு நாங்கள் இருவரும் நலம். அங்கு தாங்களும், தங்கள் திராட்சைக் கொடிகளும், தங்களை மணக்க முன்வந்திருக்கும் தைரியசாலியான ஒப்துலியா அம்மையாரும் எல்லா நலமும் பெற்றிருக்க வேண்டும் என்று கன்னி மாதாவை வேண்டிக்கொள்கிறேன். எழுபதைத் தாண்டிய வயதில், மனைவியை இழந்த ஒருவர் மறுபடியும் மாப்பிள்ளையாவது பாராட்டத்தக்க காரியம். எனக்கு ஒரு கல்யாணத்துக்குப் போவதற்கே இவ்வளவு மூச்சு வாங்குகிறது.

கடிதத்தின் நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கள் கல்யாணத்துக்கு நாங்கள் வர இயலாது. தாயில்லாத மாப்பிள்ளையை உடன்பிறந்தவள்தான் கைபிடித்துப் பலிபீடம் வரை அழைத்துப் போக வேண்டும், அவள்தான் மத்ரீனாவாகப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் தாங்கள் வேறு யாரையாவது பார்த்துக்கொள்வது உத்தமம். தங்கள் சித்தப்பா மகள் ஒருத்தி சாந்தா மரியாவில் இருக்கிறாள் அல்லவா, உயரமாக, நல்ல குரலோடு? தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தங்களுக்குக் காது மந்தம் என்பதால் பக்கத்து வீட்டுக்காரி ரிசீவரை வாங்கிக்கொள்வாள், நான் வைப்பதற்குள் விஷயம் சந்தைக்குப் போய்விடும். ஆகையால்தான் எழுத்து. இந்தக் கடிதம் எழுதுவது நெலிதாவுக்குத் தெரியாது. அவள் சமையலறையில் அத்திப்பழத்தோடு போராடிக்கொண்டிருக்கிறாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

வம்பு தொடங்கியது வழியில்தான். அழைப்பு வந்த அன்றே நான் வரைபடத்தை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு பாட்டில் வைத்து, கிழக்கே சமவெளிக்கு இறங்கி, கோர்தொபா போய், துக்குமான் வழியாக உங்களிடம் வந்து சேரும் சாலையைப் பென்சிலால் கோடிட்டேன். நீளம் கூடுதல்தான், ஆனால் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேரான சாலை. நெலிதா பின்னால் வந்து நின்று பார்த்தாள். பென்சிலை வாங்கினாள். மலையடிவாரத்தை ஒட்டி வடக்கே ஒரு கோடு போட்டாள்: சான் ஹுவான் தோட்டங்கள், சிவப்புப் பாறைகள், மிராந்தா மலையேற்றம், சிலெசீத்தோ, பெலென், அப்புறம் கஃபயாத்தே. ஒரு பக்கம் பூராவும் மலை, இன்னொரு பக்கம் பூராவும் திராட்சை.

"இந்த வழியாத்தான் போறோம்," என்றாள்.

"நேரான சாலை இருக்கும்போது எதுக்கு மலை?" என்றேன்.

"உன் சாலையில பாக்க என்ன இருக்கு? மாடு."

"மாடு மேலேருந்து உருண்டு நம்ம தலையில விழாது நெலிதா."

"கல்யாணமான புதுசுல இந்த வழியாக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியே கிழவா, அந்தப் புதுசு எப்பதான் முடியும்?"

அப்போது பார்த்து மலையிலிருந்து சோண்டா காற்று இறங்கியது. ஜன்னல் பூராவும் சூடான மண். நான் ஜன்னலைச் சாத்த ஓடினேன், பாட்டில்கள் உருண்டன, வரைபடம் என் கோட்டோடு பறந்துபோய் அடுத்த வீட்டு ஃபெர்மினின் பந்தலில் தொங்கியது. அதை எடுக்கப் போனதுதான் நான் செய்த பிழை. ஃபெர்மின் ஒரு காலத்தில் அதே மலைப்பாதையில் லாரி ஓட்டியவன். பந்தலடியில் உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சியபடியே எனக்கு ஆறுதல் சொன்னான். "மிராந்தாவுல ஒண்ணும் பயமே கிடையாதுங்க டான் எவரிஸ்தோ. வளைவுல கீழ மட்டும் பாத்துடாதீங்க. மேலயும் பாக்காதீங்க, கல்லு வரும். எதிர்ல பஸ் வந்துச்சா, கண்ணை மூடிக்குங்க, மிச்சத்த பஸ்காரன் பாத்துக்குவான்." அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தூக்கத்தில் நான் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறேனாம், போர்வை பூராவும் என் பக்கம் வந்துவிடுகிறதாம். நெலிதாவின் புகார்.

இருந்தாலும் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வண்டியைக் கசிமீரோவின் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மேலிருந்து கீழ் வரை பார்த்தான், அடியில் படுத்தும் பார்த்தான். "பிரேக் அருமை. எஞ்சின் குதிரை மாதிரி இருக்கு. டயர் இன்னும் நம்ம ரெண்டு பேரையும் வழியனுப்பி வைக்கும். ஹார்ன் மட்டும் செத்துப்போச்சு, டான் எவரிஸ்தோ."

"அப்போ போக முடியாது," என்றேன்.

"ஹார்ன் இல்லாட்டி என்ன? ஊருக்குள்ள ஓட்டிட்டு வரலையா?"

"ஊருக்குள்ள சரிப்பா. வழி நெடுக காவ்சித்தோ இருக்காரே?"

கசிமீரோ கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். "அட ஆமா," என்றான். அப்புறம் இறந்தவர் முகத்தைத் துணியால் மூடுவதுபோல மெதுவாக பானெட்டைச் சாத்தினான்.

மச்சான், உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நான் ஒயின் ஆலையில் லேபிள் ஒட்டும் இயந்திரத்துக்கு மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் விஞ்ஞானம் அறிந்தவன். சாலையோரச் சிவப்புக் கொடிகளிலும் மெழுகுவத்தி மாடங்களிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்பிக்கை இல்லாதவன் ஹார்ன் அடிக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லையே. வண்டியோட்டிகளுக்குக் காவல் சாமியான காவ்சித்தோவின் மாடத்தைத் தாண்டும்போது அவருக்கு ஒரு சின்ன வணக்கம், பீப் என்று. அடித்தவர்கள் ஊர் போய்ச் சேர்கிறார்கள். அடிக்காதவர்களைப் பற்றித்தான் பத்திரிகையில் படிக்கிறோம்.

நெலிதா ஒத்துக்கொள்ளவில்லை. "ஹார்ன் எதுக்கு, எனக்கு வாய் இல்லையா?" என்றாள். அது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒத்திகை பார்க்கலாம் என்று சான் ஹுவான் சாலையில் கொஞ்ச தூரம் போனோம். முதல் சிவப்புக் கொடி தெரிந்தது. நெலிதா ஜன்னல் வழியே இடுப்பு வரை வெளியே போய், கையை ஆட்டிக்கொண்டு, "பீப் பீப், காவ்சித்தோ! எங்க ஹார்ன் ரிப்பேரு! தப்பா எடுத்துக்காதே அப்பா!" என்று கத்தினாள். மாடத்தடியில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் மொத்தமும் எழுந்து நின்று எங்களைப் பார்த்தது. அடுத்த வளைவு வருவதற்குள் பின் டயர் வெடித்தது. நான் ஜாக்கியோடு மல்லாடிக்கொண்டிருக்கும்போது அந்தக் குடும்பம் வண்டியில் எங்களைத் தாண்டிப் போனது. ஆசை தீர ஹார்ன் அடித்துவிட்டுத்தான் புறப்பட்டார்கள், எனக்குக் கேட்டது.

"நான் நல்லா சத்தமாத்தானே சொன்னேன்," என்றாள் நெலிதா.

"ரிப்பேருன்னு அவர்கிட்ட எதுக்கு உளறினே? வெறும் பீப்போட விட்டிருக்கணும்."

"சாமிகிட்ட பொய் சொல்லச் சொல்றியா?"

இந்த வாக்குவாதம் வீடு வரை வந்து, ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்து, மறுநாள் காலை எங்களோடு எழுந்தது.

அதைக் கேட்ட ஃபெர்மின் தன் பழைய லாரியின் காற்று ஹார்னைக் கொண்டுவந்து, "இதை மாட்டுங்க, காவ்சித்தோ என்ன, கர்த்தருக்கே கேக்கும்," என்றான். நானும் புத்தி கெட்டு மாட்டினேன். சோதித்துப் பார்க்க ஒரே ஒரு தடவை அழுத்தினேன் மச்சான், ஒரே தடவைதான். எங்கள் தெருவில் நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுதன. ரொட்டி கொண்டுவருகிற தியோஃபிலோ சைக்கிளோடு தெருவோர நீர்க்கால்வாய்க்குள் போய்விட்டார். ஆளுக்கு ஒன்றுமில்லை, முழங்கால் வரைதான் தண்ணீர். ஆனால் அன்றைய ரொட்டி முழுதும் கூடையிலிருந்து கிளம்பி, எங்கள் வீட்டைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, கீழ்த்தெரு வரை மிதந்து போனது. கீழ்த்தெருக்காரர்கள் எனக்கு நன்றி சொல்லி அனுப்பினார்கள். ஹார்னை அன்றே கழற்றி ஃபெர்மினிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தியோஃபிலோ அன்றிலிருந்து எங்கள் வாசலில் நிற்பதில்லை. ரொட்டியை நெலிதா வீட்டிலேயே சுடுகிறாள், மாவைப் பிசையும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பிசைகிறாள்.

அடுத்தது அத்திப்பழம். உங்கள் கல்யாணத்துக்கு எங்கள் கொல்லை மரத்துப் பழத்தைக் கூடை கூடையாகக் கொண்டுவருவது என்று முடிவு செய்திருந்தாள். "மாகாண எல்லையில பழ ஈ பரவாம இருக்கத் தடுப்புச் சாவடி இருக்கு, ஒரு பழம் கூட விடமாட்டான், அத்தனையும் குழியில கொட்டிடுவான்," என்றேன். உடனே, "ஜாம் செஞ்சா பழம் இல்லையே?" என்று கேட்டு, இருந்த சர்க்கரை பூராவையும் அண்டாவில் கொட்டிவிட்டாள். ஜாம் நன்றாகத்தான் வந்தது. பாட்டில்களை வண்டியின் டிக்கியில் அடுக்கி, பாலைவனத்தில் தாகத்தால் இறந்து சாமியான அந்தத் தாயின் வழியோர மாடங்களில் வைப்பதற்கென்று தண்ணீர் பாட்டில்களையும் பக்கத்தில் அடுக்கி, மேலே என் கறுப்பு ஒயின் ஜாடியையும் வைத்தாள். அந்த ஜாடி நான் கேட்டுக்கொண்டது. உங்கள் ஊர் வெள்ளை ஒயின் பூ வாசனையாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை, ஆனால் பூவை முகர வேண்டும், குடிக்கக் கூடாது என்பது என் கருத்து. சரி, அதை விடுங்கள். பாரம் ஏற்றி ஒரு ஒத்திகை பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது டிக்கிக்குள் ஒரு சத்தம். திறந்து பார்த்தால் ஒயினும் ஜாமும் ஒன்றாகி, சொட்டிக்கொண்டிருக்கிறது. அறுவடைக் காலத்தில் எங்கள் ஊர்க் குளவிகளைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? வீடு வரை பின்னாலேயே ஊர்வலமாக வந்தன. இப்போதும் வண்டியைச் சுற்றிக் காவல் நிற்கின்றன. வண்டிக்குள் ஏறவேண்டுமென்றால் நான் கோணியைப் போர்த்திக்கொண்டு ஓடவேண்டியிருக்கிறது. இப்போது நெலிதா இரண்டாவது அண்டா ஜாம் கிண்டிக்கொண்டிருக்கிறாள்.

இவ்வளவு தடங்கலுக்குப் பிறகு எந்த நியாயமான மனிதனும் பயணத்தை ரத்து செய்வான் என்று நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள். கடிதத்தை இங்கேயே முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் பேனா நிற்கவில்லை. ஹார்ன் சரியாகிவிட்டது, மச்சான். வெள்ளிக்கிழமையே சரியாகிவிட்டது. கசிமீரோ எங்கேயோ உடைத்த வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பொருத்திவிட்டான், மணி மாதிரி அடிக்கிறது. "யார்கிட்டயும் சொல்லாதே, முக்கியமா நெலிதாகிட்ட," என்று நான் அவன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

காரணம் பெட்டிகள். நெலிதா இரண்டு பெரிய பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தயார் செய்து வைத்திருக்கிறாள், கயிறு போட்டுக் கட்டி. என்னைத் தொடவிடுவதில்லை. "உன் கல்யாணச் சட்டையெல்லாம் எடுத்து வெச்சாச்சு, நீ வண்டியப் பாரு," என்கிறாள். ஒரு பெட்டியின் இடுக்கில் கம்பளி தெரிகிறது. மார்ச் மாதக் கல்யாணத்துக்குக் கம்பளி எதற்கு? எங்களுக்குக் குளிர் வருவது ஜூனில். அவளுடைய தையல் மிஷின் இருந்த இடத்தில் தூசி சதுரமாக நிற்கிறது. உங்கள் அம்மாவின் படம் சுவரில் இல்லை, ஆணி மட்டும் இருக்கிறது. போன வாரம் உங்களோடு தொலைபேசியில் பேசும்போது, "அந்த அறை குளிருக்குத் தாங்குமா, கூரையைப் பாத்துட்டியா?" என்று உங்கள் காதில் விழுவதற்காகக் கத்தினாள். எனக்கும் கேட்டது.

கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து அவள் ஒரு குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள், உங்களுக்குத் தெரியும். "உங்க ஊர்ல சூரியன் மலைக்குள்ள போய் விழுது, எங்க ஊர்ல மலையிலேருந்து எழும்பும்." இவ்வளவு காலமும் நான் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். உங்கள் ஊர்போல எம்பனாடா கொழுக்கட்டைக்குள் உருளைக்கிழங்கு இல்லை என்று சண்டை போட்டதையும் வேடிக்கை என்றுதான் எடுத்துக்கொண்டேன். இப்போது சிரிப்பு வரவில்லை. உங்கள் அழைப்பு வந்ததிலிருந்து பாத்திரம் தேய்க்கும்போது பாடுகிறாள். அவள் பாடி நான் கேட்டு எத்தனையோ காலமாயிற்று.

மிராந்தா வளைவுக்குப் பயம்தான், பஸ்ஸுக்கும் பயம்தான். அதெல்லாம் வழக்கமான பயம், எனக்குப் பழகிப்போனது. இது வேறு. அவளை உங்கள் வாசலில் இறக்கிவிட்டு, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு, அத்தனை மலையையும் நான் ஒருவனாகத் தாண்டித் திரும்பி வரவேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது மச்சான். பக்கத்து சீட் காலியாக இருந்தால் நான் யாரோடு சண்டை போடுவேன்? கேட்டுவிடலாம்தான். கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள். அவளுக்குப் பொய் வராது, காவ்சித்தோவிடமே வரவில்லை. அதனால்தான் கேட்கவில்லை. அதனால்தான் வரவும் இல்லை. நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, மத்ரீனா இல்லாமல் ஒப்துலியா அம்மையார் முகம் சுளித்தாலும் சரி.

மணமக்கள் இருவரும் நோய்நொடியின்றி, கூரை ஒழுகாமல், ஆலங்கட்டி விழாமல், கொடி நிறையக் காய்த்து, ஒருவர் காதுக்கு ஒருவர் வாயாக நீண்ட காலம் வாழ வேண்டும் என்று எங்கள் இருவர் சார்பிலும் மனமார வாழ்த்துகிறேன். ஒப்துலியா அம்மையாரின் கைகளுக்கு என் முத்தங்களைத் தெரிவிக்கவும். தங்கள் பக்கத்து வீட்டுக்காரிக்கு எதையும் தெரிவிக்க வேண்டாம்.

என்றும் தங்கள் பணிவுள்ள,
எவரிஸ்தோ

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். உறையை ஒட்டப் பசை தேடிக் கொல்லைக் கொட்டகைக்குப் போனேன். கடிதத்தை மேசையில் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் நெலிதா கையில் கரண்டியோடு கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள், தாளில் ஜாம் கறை இருப்பது அதனால்தான், மன்னிக்கவும். கரண்டியைக் கீழே வைத்தாள். மாத்தே போட்டாள், முதல் சுற்றை எனக்குக் கொடுத்தாள், கசப்பாக. பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டிகளை இழுத்துக் கயிற்றை அறுத்துத் திறந்தாள். பார்த்தால் என் கம்பளிச் சட்டை, என் கம்பளிக் காலுறைகள், முழங்காலுக்குக் கட்டுகிற பட்டை, என் தலையணை, வேறு தலையணையில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும் அல்லவா, என் செருப்பு, என் மருந்துகள், நான் தினமும் தட்டிப் பார்க்கிற வெப்பமானி. இரண்டு பெட்டியும் நான்தான். அவளுடையது எல்லாம் ஒரு தோள்பையில் அடங்கிவிட்டது: கல்யாணத்துக்கு நீல உடை, அதற்குள் சுற்றி உங்கள் அம்மாவின் படம். "அம்மா தன் பையன் கல்யாணத்தைப் பாக்க வேணாமா?" என்றாள். கதவுக்குப் பின்னால் துணி சுற்றி வைத்திருக்கும் தையல் மிஷின் ஒப்துலியாவின் கல்யாண உடையை இடுப்பில் பிரித்துத் தைப்பதற்காம். இதை அம்மையாரிடம் படித்துக் காட்டாதீர்கள்.

"திரும்பி வருவியா?" என்று கேட்டேன்.

"அதை அங்க போய்ப் பாப்போம்," என்றாள்.

"அப்போ நான்?"

"கிழவா, ஒரு முழு ஆளை ரெண்டு பெட்டியில கட்டி வெச்சிருக்கேன். நீ அங்க இல்லேன்னா இதையெல்லாம் யாரு போட்டுக்கிறது? இலாரியோ குட்டை."

"முன்னாடியே என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா வேணாம்பே. ஏதாவது வரைபடத்தை விரிப்பே."

நாளைக் காலை கிளம்புகிறோம், மலை வழியாகத்தான். மத்ரீனா வருகிறாள், சாந்தா மரியா பெண்ணிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள். தபாலில் போட்டால் எனக்குப் பிறகுதான் இது வந்து சேரும், ஆகையால் கையிலேயே கொண்டு வந்து கொடுக்கிறேன். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. அந்த அறையில் கட்டிலைச் சுவரோரமாகப் போட்டு வையுங்கள். எத்தனை நாள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. நீங்களும் கேட்டுவிடாதீர்கள், மச்சான்.